வெயிலில் ஆடும் எடை

ஏப்ரல் 15, செவ்வாய்
எடை மெஷின் மறுபடி ஆடுகிறது. ஒரே திராட்சைக் கிரேட்டுக்கு இருபதரை, பத்தொன்பது, இருபத்தொன்று. எதை எழுத? கூடலூர் விவசாயி சுருளியாண்டி என் கமிஷன் கடைக்கு மட்டும்தான் பழம் போடுபவர். இன்று டிஸ்ப்ளேயையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன பாய், மெஷினுக்குக் குளிர்காய்ச்சலா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி
புது மெஷின் வாங்கி மாட்டினேன். அதுவும் ஆடுகிறது. "சேக் பரீது எடையில கை வைக்கிறாக" என்று பேச்சாம். சைக்கிளில் பழம் விற்று மேலே வந்தவன் நான். பெயர் ஒன்றுதானே என் முதல்?

ஏப்ரல் 21, திங்கள்
வாயை அடைக்க ஒரு வழி செய்தேன். எல்லாக் கமிஷன் கடையிலும் அழுகல், காம்புக்கென்று கிரேட்டுக்கு ஒரு கிலோ கழிவு பிடிப்போம். இனி என் கடையில் கழிவே கிடையாது என்று அறிவித்தேன். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது: "திருடுனதத் திருப்பிக் குடுக்குறாக."
வீட்டில் மனைவி லத்திபா தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்காமக் குடுத்தா சந்தேகம் வராதா? நீங்கல்லாம் ஒரு யாவாரி!"

ஏப்ரல் 22
ஒரு வண்டிகூட வரவில்லை. யா அல்லாஹ்.

ஏப்ரல் 23, புதன்
காலி மெஷின். மேலே ஒன்றுமில்லை, எண் மட்டும் துள்ளுகிறது. மேகமலைப் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடியது — எண் நின்றது. வெயில் வந்தது — துள்ளியது. மறுபடி மேகம், மறுபடி நின்றது. ஓடிப்போய், குளிர் அறைக்காகப் போட்ட சோலார் இன்வெர்ட்டரை அணைத்தேன். நல்ல வெயிலில் அசையாமல் பூஜ்யம்! சோலார் வந்த பிறகுதானே இந்தப் பீடை? இது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

ஏப்ரல் 24
சோலார் மாட்டிய குமுளி மலையாளி சசிதரன் வந்தார். இன்வெர்ட்டர் கரண்டை வெட்டி வெட்டித்தான் மாற்றுமாம். அந்த இரைச்சல் பக்கத்து ஒயரில் ஏறிவிடுமாம். மெஷின் ஒயரில் ஓடுவதோ துளிக் கரண்ட்; இரைச்சல் அதை ஆட்டிவிடுமாம்.
"ரெண்டு ஒயரும் ஒரே பைப்ல போட்டா போதும்னு நிங்கதானே பறஞ்சது, இக்கா?"
நான்தான். எதற்கு இன்னொரு பைப் என்று கேட்ட கெட்டிக்காரன்.
ஒயரைப் பிரித்து, ஃபில்டர் மாட்டி, எர்த் கொடுத்தார். இப்போது எண் கல் மாதிரி நிற்கிறது.

ஏப்ரல் 26, சனி
சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. "சூரியன் மேலயே பழியப் போட்டாருய்யா" என்கிறார்கள். சரியான மெஷினைக் காட்டி, அது கெட்டிருந்தது என்று எப்படி நம்பவைப்பது? ஏலே பரீது, பூட்டிட்டுப் போயிருவமாலே?

மே 2, வெள்ளி
சுருளியாண்டி வந்தார். கிரேட்டுகளை இறக்கி எடை மேடைக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, அண்ணாந்து பார்த்தார்.
"மேகம் வரட்டும் பாய். அப்பறம் எடையப் போடுவோம்."
மெஷின் சரியாகிவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஜும்மா தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு நானும் மேகத்தைத் தேட ஆரம்பித்தேன்.