காக்கைக்கு வைத்த சோறு

நாள் 58. காலை 7.20

வெப்பம் 24 பாகை. காற்று தென்கிழக்கிலிருந்து. சூரியத் தகடுகள் சரி. குடிநீர் வடிகட்டி சரி. அரிசி பாதி மூட்டைக்குச் சற்று மேல் இருக்கிறது. உடல்நலத்தில் குறை இல்லை.

நான் திரும்பாமல் போனால் இந்தப் பதிவை என்றாவது ஒருவர் மண்ணிலிருந்து தோண்டி எடுக்க நேரும். அவருக்காக விதிப்படி என்னைப் பற்றிச் சில வரிகள். என் பெயர் கோமதிநாயகம். மண்ணியல் ஆய்வாளன். ஊர் சங்கரன்கோவில் பக்கம். நம் காலத்திலிருந்து சுமார் எழுபத்து நாலாயிரம் ஆண்டுகள் பின்னால், ஓர் ஆற்றங்கரைப் பாறை இடுக்கில் புதைத்த இரும்பு அறைக்குள் இருக்கிறேன். எதிர்க்கரையில் வாழும் மனிதக் கூட்டத்தைக் கண்ணில் படாமல் கவனிப்பது வேலை. அவர்கள் ஒன்பது பேர். நண்பகலில் மட்டும் நம் காலத்தோடு பேச முடியும்.

சாப்பிடும் முன் ஒரு பிடி சோற்றை மேல் துவாரத்தின் வழியே பாறையில் வைத்தேன். அப்பா இறந்த நாளிலிருந்து விடாத பழக்கம். எதையும் வெளியே போடக் கூடாது என்பது விதி. சமைத்த சோறு முளைக்காது என்பது என் சமாதானம். காக்கைகள் இந்தக் காலத்திலும் கா என்றுதான் கத்துகின்றன.

நாள் 61. மதியம் 12.40

நல்ல நாள். இந்தக் கூட்டம் இடம் மாறவில்லை என்பது உறுதியாகிவிட்டது. இவர்களைப் போன்றவர்கள் ஓரிடத்தில் பத்து நாள் தங்கினாலே அதிகம். இவர்கள் ஒன்றரை மாதமாக எதிர்க்கரையிலேயே இருக்கிறார்கள். கிளைகளை ஊன்றி, மேலே தோல் போர்த்தி, காற்றுக்கு மறைப்பு கட்டிவிட்டார்கள். அடுப்புக்குக் கல் அடுக்கியிருக்கிறார்கள். முடிவுகளை எடுப்பவள் உயரமான ஒரு பெண். அவளுக்குப் பெரியவள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்லாயுதம் செய்பவனுக்கு இடது கால் சூம்பியிருக்கிறது. அவன் பெயர் சாய்காலன். ஒருக்களித்து உட்கார்ந்து செதுக்குவதால் அவன் கல்லெல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவனைத் தண்ணீருக்குக்கூட யாராவது முதுகில் சுமந்துதான் கொண்டுபோகிறார்கள்.

வேளாண்மை தோன்றுவதற்கு அறுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குடியிருப்பு. கட்டுரைத் தலைப்பைக்கூட அனுப்பிவிட்டேன்.

நண்பகல் தொடர்பில் கட்டுப்பாட்டு அறை உதுமான் பேசினான். மேலப்பாளையத்துக்காரன். பதினோரு ஆண்டுகளாக என் பயணங்களுக்கு அவன்தான் காவல்.

“அண்ணாச்சி, ஊரையே உண்டாக்கிட்டியளே! பேரு என்ன வைக்கப் போறிய? கோமதிபுரமா?”

“நான் எங்கலே உண்டாக்கினேன்? அதுகளா உக்காந்திருக்கு.”

“உக்காந்த இடத்துக்கு வீட்டுவரி போட்டுருங்க. டாக்டர் பிரபாவதி மேடம் இங்கன காலு தரையில படாம நடக்காவ.”

நாள் 63. மாலை 4.15

தென்கிழக்கில் தொடர்ந்து அதிர்வு. தொலைவில் கல்குவாரியில் வெடி வைப்பது போன்ற ஓசை. காலையிலிருந்து நிற்கவில்லை.

நாள் 64. காலை 9.00

சூரியன் செம்புத்தட்டு மாதிரி தெரிகிறது. வெறுங்கண்ணால் பார்க்கலாம். எட்டு மணிவாக்கில் சாம்பல் விழத் தொடங்கியது. அரைத்த கண்ணாடி போல் சொரசொரப்பு. நுண்ணோக்கியில் பார்த்தேன். சந்தேகமே இல்லை, சுமத்ராவின் தோபா எரிமலைதான். அது வெடிப்பதற்கு முந்திய காலத்தில் என்னை இறக்கியதாகத்தான் சொன்னார்கள். கணக்கில் சில நூறு ஆண்டுகள் முன்பின் இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

நாள் 65. மதியம் 12.30

இரண்டு வேறு கூட்டங்கள் ஆற்றைக் கடந்து கிழக்கே போயின. வாயைத் தோலால் மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்கள். சரியான திசை. மூன்று நாள் நடையில் ஒரு மலையடிவாரம் இருக்கிறது. அங்கே பாறைக்கு அடியிலிருந்து சுனை ஊறும். நான் வரைந்த மண்ணியல் படத்திலேயே அது இருக்கிறது. சாம்பல் தொடாத தண்ணீர் இந்த வட்டாரத்தில் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

பெரியவள் கரையில் நின்று அவர்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருவன் இவளைக் கைகாட்டிக் கூப்பிட்டான். இவள் நகரவில்லை. பிறகு திரும்பி என் பாறையைப் பார்த்தாள்.

ஏன் என் பாறையை?

நாள் 66. காலை 8.05

கண்காணிப்புக் கருவியை மேலே பாறைப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் அதை எதிர்க்கரைக்கு மட்டுமே திருப்பி வைத்திருந்தேன்.

சோறு வைத்தேன். காக்கைகள் வந்தன. ஐந்து நிமிடத்தில் பெரியவள் பாறை மேல் ஏறி வந்தாள். காக்கைகளை விரட்டினாள். சோற்றை வழித்து இலையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எட்டுப் பேருக்கும் விரல் நுனியால் பங்கு வைத்துவிட்டுக் கடைசியில் தான் தின்றாள். வெகுநாள் பழகிய கை.

காக்கைகள் கூடும் இடத்தில் இறைச்சி இருக்கும் என்பது இவர்களுக்குத் தெரியும். அப்படித்தான் முதல்முறை ஏறியிருப்பாள். தினமும் ஒரே இடத்தில் காக்கைகள் கூடினால் அந்த இடத்தை விட்டு யார் போவார்கள்?

இது குடியிருப்பு இல்லை. சோற்றுக்கான காத்திருப்பு.

நாள் 67. காலை 8.00

சோறு வைக்கவில்லை. பெரியவள் வந்தாள். வெறும் பாறையைத் தடவிப் பார்த்தாள். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாள் 69. மதியம் 1.10

மூன்று நாளாகச் சோறு இல்லை. ஒருவரும் கிளம்பவில்லை. ஒன்பது பேரும் இப்போது பாறையின் கீழேயே இருக்கிறார்கள். ஆறு தோசை மாவு போல் ஆகிவிட்டது. அதைத்தான் தோலில் வடித்துக் குடிக்கிறார்கள். கூட்டத்தில் வயதானவர் இருமி இருமி இன்று காலையில் இறந்தார். உடலைச் சாம்பலில் கிடத்திச் சுற்றிலும் கற்களை வைத்தார்கள். அதன்பின் மறுபடியும் பாறையைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

நண்பகலில் எல்லாவற்றையும் சொன்னேன். இயக்குநர் பிரபாவதி பேசினார்.

“கோமதி, தகடெல்லாம் சாம்பல்ல மூடியாச்சு. பேட்டரியில ஒரு தடவை வாசல் திறக்கத்தான் பவர் இருக்கு. நாளைக்கு நண்பகல். நீங்க ரெடியா நில்லுங்க.”

“இவங்களைக் கிளப்பி விட்டுட்டு வாரேன் மேடம்.”

“அவங்க செத்து எழுபதாயிரம் வருஷம் ஆச்சு. நடந்து முடிஞ்ச கதை அது.”

“நடந்து முடிஞ்சதுன்னா, சோறு போட்டதும் நான்தானே மேடம்?”

நேரம் முடிந்து தொடர்பு அறுந்தது.

நாள் 69. மாலை 5.30

ஒலிபெருக்கியில் கூச்சலிட்டுப் பார்த்தேன். சிதறி ஓடினார்கள். அரை மணியில் திரும்பி வந்தார்கள். தீப்பந்தத்தைக் கொளுத்தி வெளியே எறிந்தேன். பெரியவள் அதன்மேல் சருகைப் போட்டு வளர்த்தாள். எல்லோரும் குளிர் காய்ந்தார்கள்.

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

நாள் 70. மதியம் 12.20

சோற்றுக்காக உட்கார்ந்தவர்கள் சோற்றுக்காகத்தான் எழுவார்கள். இருந்த அரிசி முழுவதையும் வடித்து உருண்டை பிடித்தேன். சுனைவரை தாக்குப்பிடிக்கும் என்று நம்புகிறேன்.

கடைசித் தொடர்பு.

“அண்ணாச்சி, வாசல் தொறந்தாச்சு. வாங்க.”

“நான் வரல உதுமான்.”

“விளையாடாதிய. பேட்டரி எறங்குது. வாங்க அண்ணாச்சி!”

“இதுகளுக்கு உக்காரச் சொல்லிக் குடுத்தவன் நான். நடக்கச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் வரணும். அதுக்குள்ள வாசல் அடைச்சிரும், தெரியும்.”

“வீட்டுல மதினி கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிட்டுப் போங்க, நான் சொல்ல மாட்டேன்.”

“சாப்பிடுததுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து வைக்கச் சொல்லு. எனக்கு.”

“எங்க வாயில என்னத்தச் சொல்ல வைக்கிய... அண்ணாச்சி, வாங்கண்ணே, ஒரு எட்டு...”

வாசல் அடைத்தது. விளக்குகள் அணைந்தன. பதிவுக் கருவிக்கு மட்டும் தனி மின்கலம் உண்டு. அதை எஃகுப் பெட்டியோடு முதுகில் கட்டிக்கொண்டேன்.

நாள் 70. மாலை 6.00

நான் இரும்புக் கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஒருவரும் ஓடவில்லை. என் முகமூடியைப் பார்த்தார்கள். கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார்கள். காக்கைகளில் இரண்டோ மூன்றோதான் மிச்சம். கிழக்கே பத்தடிக்கு ஒன்றாகச் சோற்றை எறிந்துகொண்டே நடந்தேன். காக்கைகள் வந்தன. காக்கைகளுக்குப் பின்னால் அவர்கள் வந்தார்கள். சாய்காலனை இருவர் மாறி மாறிச் சுமந்தார்கள்.

நடக்கிறார்கள். நடக்கிறார்கள்!

நாள் 71. மாலை

சாம்பல் முழங்காலளவு. காக்கைகள் இல்லை. இப்போது என்னைத்தான் பின்தொடர்கிறார்கள். முகமூடியின் வடிகட்டி அடைத்துவிட்டது. கழற்றி எறிந்தேன். அதை எடுத்துச் சாய்காலன் தலையில் கவிழ்த்தார்கள். அவன் பெருமையாக இருந்தான். யாரோ சிரித்தார்கள். இவர்கள் சிரித்துக் கேட்டது இதுதான் முதல் தடவை.

என்னிடம் இருந்த நல்ல தண்ணீர் தீர்ந்துவிட்டது. எட்டுப் பேருக்கு ஒரு குடுவை எவ்வளவு வரும்?

நாள் 72. வெளிச்சம் குறைவு, நேரம் தெரியவில்லை

முன்னால் போன கூட்டங்களின் தடம் கிடைத்தது. மேடேறிக் கிழக்கே போகிறது. அந்த மேட்டைத் தாண்டினால் மலையடிவாரம், சுனை. பள்ளத்தில் கால் வைத்தேன். கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறிந்த ஓசை எனக்கே கேட்டது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் மணல் அரைபடுகிறது. எச்சிலில் ரத்தம்.

நான் உட்கார்ந்தேன். அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நாள் 72

கத்தினேன். கிழக்கே கையைக் காட்டினேன். தடத்தைக் காட்டினேன். போங்க, போய்த் தொலைங்க என்று கல்லை எடுத்து எறிந்தேன். பெரியவளின் தோளில் பட்டது. அவள் வலியோடு என்னைப் பார்த்தாள். போகவில்லை.

கடைசி உருண்டை ஒன்று இருக்கிறது.

நாள் 72 அல்லது 73

கடைசி உருண்டையை மேட்டின் பக்கமாக முழு பலத்தோடு எறிந்தேன். அதை எடுக்கப் போகிறவர்கள் மேட்டுக்கு அப்பால் இருக்கும் மலையைப் பார்ப்பார்கள், தண்ணீர் வாடை பிடிப்பார்கள், போய்விடுவார்கள் என்று நினைத்தேன். பெரியவள் எழுந்து போனாள். சாம்பலில் துழாவி எடுத்தாள். மேட்டின் மேலேயே நின்றாள். மலையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு இறங்கி வந்தாள்.

சாம்பலை ஊதிவிட்டு உருண்டையைப் பிட்டாள். எல்லோருக்கும் பங்கு வைத்தாள். என் கையை விரித்து அதிலும் ஒரு பங்கு வைத்தாள்.

அப்போதுதான் புரிந்தது. இவர்கள் சோற்றுக்காக உட்காரவில்லை. நடக்க முடியாதவனை விட்டுப் போகும் வழக்கம் இவர்களிடம் இல்லை.

நேரம் இல்லை, எழுதிவிடுகிறேன்

சாய்காலனைச் சுமக்கவே இவர்களுக்குத் தெம்பு போதாது. இரண்டு பேரைச் சுமந்து அந்த மேட்டில் ஏற முடியாது. என்னை விடவும் மாட்டார்கள். தண்ணீர் இல்லாமல் இங்கே இன்னொரு நாள் தாங்காது. அதனால் நான் ஏறியாக வேண்டும். தவழ்ந்தாவது ஏற வேண்டும். மேட்டின் அந்தப் பக்கம் சரிவு. உருண்டு போனாலும் சுனைப் பக்கம்தான் போவேன்.

பெட்டி கனம். இங்கேயே விடுகிறேன். தோண்டி எடுத்தவரே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து நேர் கிழக்கே மேட்டைத் தாண்டித் தோண்டுங்கள். வெளிர்சாம்பல் அடுக்கு வரும். அதற்குக் கீழே கிடைக்கும் கல்லாயுதம் சாம்பலுக்கு முந்தியது, எனக்கு வேண்டாம். அதற்கு மேலே ஒன்றே ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். இடது பக்கமாகச் சாய்த்துச் செதுக்கியிருந்தால் அது சாய்காலன் கை. அப்படி ஒன்று கிடைத்தால் என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், உதுமானிடம் சொல்லுங்கள்.

கிடைக்காவிட்டால் மேட்டின் இந்தப் பக்கச் சரிவில் பாருங்கள். சாம்பலுக்குள் ஒன்பது பேர் நெருக்கமாகக் கிடப்போம். ஒரு தாடையில் மட்டும் கடைவாய்ப்பல்லில் சிமெண்ட் அடைத்திருக்கும். அதைத் தனியே பிரித்து எடுத்துப் போகாதீர்கள். ஒன்பதையும் சேர்த்தே

பெரியவள் வந்துவிட்டாள். குனிந்து முதுகைக் காட்டுகிறாள். வேண்டாம் என்கிறேன், அவள் என் கையை இழுத்துத் தோளில்