மரங்களுக்குப் பயந்த அக்கா

அக்கா,

உங்கள் மகள் அனுப்பிய மீன் பெட்டி இன்று காலை லாசாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரித்ததும் பனியும் கடலும் கலந்த அந்த வாடை குசினி முழுக்கப் பரவியது. இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குழம்பு வைக்கிறதோ, இல்லாட்டி உம்மடை சிநேகிதி மாதிரிப் பச்சையாச் சாப்பிடுறதோ?" என்றார். சிரித்தேன். உடனேயே நாளைய நாள் நினைவுக்கு வந்தது. நாளைக்கு ஸ்கேன் முடிவு சொல்லப்போகிறார்கள். போன வருடம் உங்களைக் கொண்டுபோன அதே புற்றுநோய் வருத்தம் எனக்குத் திரும்பி வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும். இவரிடம் சும்மா செக்கப் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மொன்றியல் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் மருந்து ஏற்றிக்கொண்டு, அரைகுறை ஆங்கிலத்தில் எவ்வளவு கதைத்திருப்போம்! யன்னலுக்கு வெளியே நின்ற மேப்பிள் மரங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். "இதுகளுக்குப் பின்னாலை என்ன வருகுதெண்டு எப்பிடித் தெரியும்? எங்கடை தீவிலை ஒரு மரமும் இல்லை. கரடி வந்தாலும் தூரத்திலையே தெரியும்." மரத்துக்குப் பயப்படும் மனுசியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

வடதுருவத்துக்குக் கிட்டவுள்ள எல்ஸ்மியர் தீவு. நல்ல வேட்டை கிடைக்கும், பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று சொல்லி, வட கியூபெக்கிலிருந்து பூர்வகுடிகளான உங்கள் பெற்றோரை அரசாங்கம் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடம். சொன்னபடி திருப்பிக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்காகச் சூரியனே எழும்பாது. அந்த முதல் இருட்டில் உங்கள் அம்மா என்ன செய்தா என்று கேட்டேன்.

"அழுதா. ஒளிக்கேல்லை. ஒளிச்சால் மற்றவைக்கு எப்பிடித் தெரியும்?"

நானோ ஊரில் குண்டுவீச்சுக்கு ஒளித்துப் பங்கருக்குள் வாயைப் பொத்தி வளர்ந்தவள். இப்போதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன். இவர் கேட்டால், "ஒண்டுமில்லையப்பா."

மீன் கிடைத்ததைச் சொல்ல மத்தியானம் உங்கள் மகளை வீடியோவில் அழைத்தேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உங்கள் பெயரையே வைத்திருக்கிறாள். உங்கள் சனத்தில், இறந்தவரின் பெயரைப் பெற்ற பிள்ளை அவரேதானாம்; பெற்ற பிள்ளையையே அவள் "அம்மா" என்று கூப்பிடுகிறாள். "உங்களுக்கு அக்கா எல்லோ? கதையுங்கோ," என்று குழந்தையைத் திரைக்குக் கிட்டப் பிடித்தாள்.

நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். ஐயோ, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கைக்குழந்தையிடம் என்னத்தைக் கதைக்கிறது? வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது.

"அக்கா, எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. திரும்பி வந்திட்டுதோ தெரியேல்லை."

வாசலடியில் நின்ற இவருக்கு அது கேட்டுவிட்டது. வந்து பக்கத்தில் இருந்தார்.

"எனக்கும் பயந்தானப்பா. நீர் சொல்லாமல் நான் எப்பிடிக் கேக்கிறது?"

பயம் இன்னும் போகவில்லை, அக்கா. நாளைக்கு அதை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.