பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கம்

இன்று காலை நம் பள்ளிக்கூடத்தை இடித்தார்கள். ஓடுகளை நேற்றே இறக்கியிருந்தார்கள். ஜேசிபி முகப்புச் சுவரைத் தள்ளியதும் எழுந்த சுண்ணாம்புப் புழுதியில் கருப்பட்டி வாசனை வந்தது என்றால் நீ சிரிப்பாய். சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்த சுவர் இது என்று நான் பெருமை பேசும்போதெல்லாம், "அதான் இவ்வளவு எறும்பா, சாரே?" என்று கேட்டவள் நீ.

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் மிஷன்காரர்கள் கட்டியது. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அதனால் உள்ளே குறுக்குச் சுவரே கிடையாது. ஒரே நீண்ட கூடம், உச்சி கூம்பிய வளைவு ஜன்னல்கள். முதலில் ஓலைக்கூரை, பிறகு கொல்லத்து ஓடு. வகுப்புகளைப் பிரித்தவை ஆளுயரப் பலகைத் தட்டிகள்தான்.

தட்டிக்கு இந்தப் பக்கம் என் கணக்கு. அந்தப் பக்கம் உன் தமிழ். நீ வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், கரும்பலகையில் சத்தமாகக் கூட்டிக்கொண்டிருந்தவன் தவறிவிட்டேன். "பதினேழும் எட்டும் இருவத்தஞ்சாக்கும் சாரே!" என்று தட்டியைத் தாண்டி வந்தது உன் குரல். இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அதன்பிறகு எல்லாக் கணக்கையும் சத்தமாகவே போட்டேன். அடுத்த வருடம் நம் கல்யாண விருந்து அதே கூடத்தில்தான்.

எத்தனையோ வருடம் கழித்து ஒரு மழைநாளில் மேற்குப் பக்கம் உன் வகுப்புப் பெஞ்சின் மேல் ஓடு விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆசிரியர் கூட்டத்தில், இடிக்கத்தான் வேண்டும் என்று முதலில் சொன்னவள் நீ. ஓட்டை மாற்றினால் போதும், உத்திரம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று நான் வாதாடினேன்.

"எனக்கும் பிரியம்தான் சாரே. ஆனா அதுக்கக் கீழ இருக்கியது பிள்ளையளாக்கும்."

அன்று பள்ளி விட்டபின் நீ வளைவு ஜன்னலில் சாய்ந்து அழுதாய். நான் வந்து பக்கத்தில் நின்றேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

இடிக்க உத்தரவு வருவதற்குள் உனக்கு நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு கேட்டாய்: "இடிச்சாச்சா சாரே?"

"இல்ல டீச்சரே."

"அப்போ பிள்ளையள மேக்க பக்கம் இருத்த வேண்டாம்னு சொல்லுங்க."

இன்று அந்தப் பெரிய உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அயனி மரம். தரையில் பட்டதும் இரண்டாகப் பிளந்தது. உள்ளே மரமே இல்லை. முழுக்கக் கரையான் மண்.

"இது இத்தன நாளு எப்பிடி சாரே நின்னுது?" என்றார் இடிக்க வந்தவர்.

உடனே கிளம்பினேன். வீட்டுக்குப் போகும் கொட்டாரம் பஸ்ஸுக்காக நிற்கவும் பொறுமையில்லை. வேகவேகமாக நடந்தேன். நீ சொன்னதுதான் சரி என்று உன்னிடம் சொல்லிவிட வேண்டும். ஜெயித்த உன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வாசலில் நின்று சட்டைப்பையைத் துழாவியபோதுதான் உறைத்தது. நீ இருந்தவரை வீட்டுச்சாவி உன் பையில்தான் இருக்கும்.

சொல்ல வந்தது இன்னும் என்னிடமே இருக்கிறது, டீச்சரே.