வாடை வராத பேட்டரி

மரக்காணம் குப்பம்
3.8.2025

அன்பு ருக்குவுக்கு,

ராஜாங்கம் எழுதுவது. மூச்சு இழுப்பு குறைந்திருக்கிறதா? ராத்திரியில் தூங்குகிறாயா? போனில் பேச ஆரம்பித்தால் நமக்குச் சண்டைதான் வருகிறது. "லெட்டர் போடுப்பா, அதுல அம்மா குறுக்க பேச முடியாதுல்ல" என்று விழுப்புரம் ஹாஸ்டலிலிருந்து சங்கவி சொன்னாள். நம் பெண்ணுக்கு நம் இரண்டு பேரைப் பற்றியும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

போன ஐப்பசி மழையில் நீ திண்டிவனம் போனாய். இன்றைக்கு ஆடிப்பெருக்கு. தெருவெல்லாம் தாளிக்கிற வாசனை. நான் கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மனுஷக் குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டு வைக்கிறேன், என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. தனியாக இருக்க முடியவில்லை ருக்கு.

ஒரு நல்ல சேதி. பெட்ரோல் கட்டுப்படி ஆகாமல் படகுக்குக் கரண்ட் மோட்டார் மாட்டினேனே, அதற்கு லித்தியம் பேட்டரி வந்திருக்கிறதாம். கூட்டேரிப்பட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் கோபி சொன்னான். "அண்ணே, இதுல ஆசிட்டும் இல்ல, தண்ணி ஊத்துற வேலையும் இல்ல. சார்ஜ் போட்டா ஒரு வாடையும் வராது, பக்கத்துலயே வச்சிக்கினு தூங்கலாம்" என்றான். இப்போது இருக்கிற நாலு பேட்டரியும் வீட்டுக்குள் கக்குகிற ஆசிட் வாடைதானே உன்னைத் துரத்தியது? அதை ஒழித்துவிட்டால் நீ வந்துவிடலாம் அல்லவா?

விலைதான் தலையைச் சுற்றுகிறது. சார்ஜரையும் மாற்ற வேண்டுமாம், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. பார்க்கிறேன்.

உன்
ராஜாங்கம்

---

திண்டிவனம்
11.8.2025

மாமாவுக்கு ருக்கு எழுதிக்கொள்வது,

கடிதம் வந்தது. உங்கள் கையெழுத்தைப் படிக்க நர்சிங் ஹோம் நர்ஸம்மாவைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன், அப்புறம் வெட்கமாக இருந்ததால் நானே படித்துவிட்டேன். இங்கே எனக்கு வேலை பழகிவிட்டது. வார்டு துடைக்கிறேன், பெட்ஷீட் மாற்றுகிறேன். இழுப்பு வந்தால் டாக்டரம்மா பஃப் கொடுக்கிறார்கள். மூச்சு பரவாயில்லை.

வாடை துரத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடை மட்டுமா? பேட்டரியை வெளியே வையுங்கள் என்று நான் கெஞ்சியபோது என்ன சொன்னீர்கள்? "வெளிய வச்சா எவனாச்சும் தூக்கினு போயிடுவான்டி." நல்லது. பேட்டரி உள்ளே படுத்தது, நான் வாசலில் பாய் போட்டுப் படுத்தேன். என்னை எவனும் தூக்கிக்கொண்டு போகமாட்டான் என்று உங்களுக்கு அவ்வளவு தைரியம். மழை பிடித்ததும் வாசலிலும் படுக்க முடியவில்லை, கிளம்பிவிட்டேன். "இருடி, போகாத" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். சார்ஜர் ஒயரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிட்டேன். மனசில் வைத்துக்கொண்டால் அதுவும் நெஞ்சை அடைக்கிறது.

கூழை மட்டும் குடித்துக்கொண்டு படகுக்குப் போகாதீர்கள். ஒரு கருவாடாவது சுட்டுக்கொள்ளுங்கள்.

அந்த லித்தியத்தில் நிஜமாகவே வாடை வராதா? கோபி விற்கிறவன், அப்படித்தான் சொல்லுவான். வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ருக்கு

---

மரக்காணம் குப்பம்
7.9.2025

என் ருக்குவுக்கு,

வாங்கிவிட்டேன்!

பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கினாலே இடுப்பு ஒடியும். இது லேசு. பழசைக் கடையிலேயே தள்ளிவிட்டேன். படகு லேசாகி, கழித் தண்ணீரில் இறக்கியதும் தக்கை மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் இரண்டு மணல் மூட்டை போட்டேன். லட்ச லட்சமாகக் கொட்டி கனத்தைக் குறைத்துவிட்டு, மணலை அள்ளிப் போட்டுக் கனம் ஏற்றுகிறான் பார் என்று கரையில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

வாடை இல்லை ருக்கு. சத்தியமாக இல்லை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, மூக்கைக் கிட்டே வைத்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வாசலில் படுத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று படகு எடுக்கவில்லை. அதற்குப் பதில்தான் இந்தப் பேட்டரி என்று வைத்துக்கொள்.

பணத்துக்கு எப்படியோ புரட்டினேன். அதெல்லாம் உனக்கு எதற்கு.

உன்
ராஜாங்கம்

---

திண்டிவனம்
14.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் மறைத்து வைத்து நாலைந்து தடவை படித்துவிட்டேன். மூக்கை வைத்து மோந்து பார்த்தீர்களா? ஐயோ, அந்தக் கோலத்தை நான் பார்க்காமல் போனேனே.

எனக்காக ஒரு பெரிய செலவு செய்திருக்கிறீர்கள். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கென்று நீங்கள் வாங்கியது இதுதான். அதுவும் படகில் போய் உட்கார்ந்துகொண்டது, இருக்கட்டும்.

நான் வந்துவிடுகிறேன். இங்கே யாரோடும் பேச்சில்லை. நோயாளிகள் என்னை "ஆயா" என்று கூப்பிடுகிறார்கள். ருக்கு என்று கூப்பிட ஒருவரும் இல்லை. இந்த மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆயுத பூசைக்குப் படகுக்குப் பொட்டு வைக்க நான் வேண்டாமா?

வீட்டை ஒரு தடவை கழுவி விடுங்கள். பேட்டரி வைத்த மூலையில் ஆசிட் பட்டுத் தரை பொரிந்திருக்கும், அங்கே கொஞ்சம் சிமெண்ட் பூசுங்கள். பணம் எங்கே புரட்டினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வட்டிக்கு வாங்கியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அடைக்கலாம், பயப்படாதீர்கள்.

உங்கள்
ருக்கு

---

மரக்காணம் குப்பம்
21.9.2025

ருக்குவுக்கு,

நீ வருகிறேன் என்றது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அவசரப்படாதே. ஆயுத பூசைக்கு வேண்டாம். தீபாவளி போகட்டும். இங்கே வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. ரூமை இப்போது காலி பண்ணாதே. நானே வந்து எல்லாம் சொல்லுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வட்டிக்கு ஒன்றும் வாங்கவில்லை.

ராஜாங்கம்

---

திண்டிவனம்
5.10.2025

மாமாவுக்கு,

நான் வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது.

வேண்டாம் என்று நீங்கள் எழுதியது என் கைக்கு வரும்போது ரூம் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளை அடிக்கிறீர்கள் போல, முடித்துவிட்டுக் காட்டலாம் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆயுத பூசை அன்று பூவும் பொரியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் "எங்க வூட்டுக்குப் போறேன்" என்று கேட்காமலே சொன்னேன்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. நம் கொடியில் யாருடைய சேலையோ காய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "யாருக்கா, யாரு வோணும்?" என்றாள். பேர் கிருஷ்ணவேணியாம். நான் யார் என்று சொன்னதும் பாவம் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா? வூட்ட எங்களுக்கு மூணு வருசத்துக்குப் போக்கியத்துக்கு உட்டுட்டாரு. பேட்டரி வாங்கணும்னு மொத்தமா பணத்த வாங்கிக்கினாரு. அவரு கரையில வலை வைக்கிற கொட்டாயிலதான் படுத்துக்குறாரு" என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். என் வீட்டில் நான் விருந்தாளியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். பூவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

கரைக்கு வந்தேன். மத்தியானம், நீங்கள் கொட்டாயில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இளைத்துப் போயிருக்கிறீர்கள். பேட்டரிமேல் என் பழைய சேலையை மடித்துப் போர்த்தியிருந்தீர்கள். உங்களுக்குக் கீழே வெறும் மணல். எழுப்பலாம் என்று குனிந்தேன். எழுப்பினால் அழுவீர்கள், நானும் அழுவேன், அந்தக் கொட்டாயிலேயே உங்களோடு தங்கிவிடுவேன். மழைக்காலம் வருகிறது. என் நெஞ்சு தாங்காது. வந்த வழியே திரும்பிவிட்டேன்.

நான் வாழ்வதற்கென்று பேட்டரி வாங்கினீர்கள், நான் வாழ வேண்டிய வீட்டைக் கொடுத்து வாங்கினீர்கள். அதைக்கூட மன்னித்துவிடுவேன் மாமா, உங்கள் புத்தி எனக்குத் தெரியாதா? வாசலில் தகரக் கூண்டு அடித்து ஒரு பூட்டுப் போட்டிருந்தால் பழைய பேட்டரியே போதும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதலில் என்னைக் கேட்காமல் பேட்டரியை உள்ளே வைத்தீர்கள், இப்போது என்னைக் கேட்காமல் வீட்டையே வெளியே கொடுத்தீர்கள். அதுதான் ஆறவில்லை.

நர்சிங் ஹோமிலேயே மாடியில் படுக்க ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்குச் சங்கவி இங்கே வருகிறாள். அவளிடம் அப்பாவைப் பற்றி ஒன்றும் தப்பாகச் சொல்லமாட்டேன். அடுத்த நாள் உங்களிடம் அனுப்பி வைக்கிறேன், அவளுக்குச் சுடச் சுட ஏதாவது சமைத்துக் கொடுங்கள். நல்ல போர்வையாக ஒன்று அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன், நீங்கள் போர்த்திக்கொள்ள.

நீங்கள் வர வேண்டாம். கடிதமும் எழுத வேண்டாம். எழுதினால் படித்துவிடுவேன். படித்தால் இந்த இடத்தையும் காலி பண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ருக்கு