நாமினி இடத்தில் அம்மாவின் பெயர்

என் அப்பாவுக்கு, அங்கே கால்வலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு,

ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்திருக்கிறது. எல்லோரும் தங்கள் பி.எஃப். நாமினியைச் சரிபார்க்க வேண்டுமாம். திறந்து பார்த்தேன். உங்கள் பெயர் இருக்கிறது. உறவு: தந்தை. வேலையில் சேர்ந்த அன்று சிரித்துக்கொண்டே நான் போட்டது. அதை எடுக்கக் கை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல செய்தி எதுவும் இல்லை அப்பா. நீங்கள் சேர்த்து வைத்த எதுவும் இன்னும் சித்தி கைக்கு வந்து சேரவில்லை. குடியிருப்புச் சொசைட்டிக் கணக்கில் டோம்பிவிலி வீட்டுக்கும், பாங்கில் ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு வைத்த டெபாசிட்டுக்கும் இன்றுவரை நாமினி அம்மாதான். அம்மா போன பிறகும், நீங்கள் சித்தியைக் கல்யாணம் செய்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. பாங்கில் ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நாமினி கோ சாத் லேகே ஆயியே, மேடம்" என்றாள். கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். அம்மாவை நான் எங்கே போய்க் கூட்டிவருவது?

தாராவியில் இருந்த காலத்திலிருந்தே வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதங்களைப் படித்துச் சொல்வதும் எழுதுவதும் என் வேலை. நீங்கள் இருந்தபோது போனில் என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான் என்று நினைத்தேன்.

"ஒரு சனிக்கிழம வாம்மா. சொசைட்டி, பேங்க்கு ரெண்டு எடத்துக்கும் போயிட்டு வந்திருவோம். சித்தி பேரப் போடணும்."

"இப்ப என்ன அவசரம்ப்பா? நல்லாத்தான இருக்கீங்க?"

நான் இருக்கும் முலுண்டில் ஏறினால் நேராக டோம்பிவிலியில் இறங்கலாம். ஆனாலும் ரயிலில் கூட்டம் என்றேன். ஆபீஸில் வேலை என்றேன். அம்மா பெயர்மேல் கோடு போட என் கையையே கேட்கிறீர்களே என்பதுதான் உள்ளே இருந்த கோபம். உங்கள் கல்யாணத்தன்று சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பியவள்தானே நான்?

உங்களை அடக்கம் செய்த அடுத்த வாரம் தாராவியிலிருந்து சித்தப்பா வந்தார். ஹாலில் உட்கார்ந்து உரக்கவே பேசினார். "ஒத்தப் பிள்ள நீ. வீட்ட வித்துப்போட்டு அந்தப் பொம்பளைக்கு ஏதாவது குடுத்து அனுப்பிரு. தாணேல அவ அக்கா இருக்காள்லா?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. "பாக்கலாம் சித்தப்பா" என்றேன். கூடாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது சித்தியின் தையல் மிஷினைப் பெட்ஷீட்டில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். நீங்கள் போனதிலிருந்து ஜாக்கெட் தைத்துத்தான் கரண்ட் பில்லும் சொசைட்டிப் பணமும் கட்டியிருக்கிறார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா வீட்டுக்குத்தான். சாவிய ஒங்கிட்ட குடுக்கணும்னு இருந்தேன். தோச ஊத்தட்டா? சட்னி இருக்கு."

எனக்கு அவமானமாக இருந்தது. அதை உங்கள்மேல் திருப்பினேன். "அப்பாவே ஒருநாள் போய் எழுதிக் குடுத்திருந்தா இவ்வளவு பாடு உண்டா?"

சித்தி என் பக்கம் திரும்பினார். "சொசைட்டி செக்ரெட்டரி நம்மூர்க்காரர்தானம்மா. 'நானே எழுதித் தாரேன், கையெழுத்து மட்டும் போடுங்க'ன்னு எத்தனையோ மட்டம் சொன்னாரு. ஒங்கப்பாதான் கேக்கல. 'எம் மவ வந்து எழுதட்டும். அவ மனசில்லாம இந்த வீட்டுல ஒனக்குப் பேரு வேண்டாம்'னுட்டாவ."

பிறகு லேசாகச் சிரித்தார். "ரயில்ல கூட்டம்னு சொல்லுவியாமே! வருசக்கணக்கா அதே ரயில்ல தொங்கின மனுசன்கிட்டயா?"

ஆக, நீங்கள் காத்திருந்தது என் இங்கிலீஷுக்காக இல்லை. என் சம்மதத்துக்காக. இதை என்னிடம் நேராகக் கேட்டிருக்கக் கூடாதா அப்பா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா?

மிஷினின் கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். சித்தி போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை, நகம் உடைந்தது. "கத்தரி இருக்குல்லா, அறிவாளி" என்று எடுத்து நீட்டினார்.

இப்போது இருவருமாக ஒரு வக்கீலிடம் போய்வருகிறோம். கோர்ட் விஷயம், நாளாகும் என்கிறார். வீட்டில் என் பங்கைச் சித்திக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றதும், நன்றாக யோசித்தீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். வெளியே வந்ததும் சித்தி பிடித்துக்கொண்டார். "கிறுக்கா ஒனக்கு? நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு வந்தா என்ன செய்வ?"

"அப்ப எனக்கு ஒரு ரூம் குடுங்க" என்றேன்.

வீட்டை விற்கப் போவதில்லை என்று சொன்னதிலிருந்து சித்தப்பா என் போனை எடுப்பதில்லை. மிஷின் மறுபடி ஓடுகிறது.

வரும் சனிக்கிழமை டோம்பிவிலிக்குப் போகிறேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, என் பி.எஃப். நாமினி பக்கத்தைத் திறந்து, என் கையாலேயே உங்கள் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுவேன். நாளைக்கு என் வாழ்க்கையில் யார் வந்தாலும், யார் போனாலும், அந்த வாரமே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஒரே ஒரு சிக்கல். அங்கே காட்டும் உறவுகளில் சித்தி என்று ஒன்று இல்லை. தாய் என்றுதான் இருக்கிறது. அதைத்தான் போடப் போகிறேன். அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எத்தனையோ சனிக்கிழமை வராமல் இருந்துவிட்ட
உங்கள் மகள்,
ஜெபா