ஃப்ளாப்பி கேட்ட பெட்டி

ஜூலை 24, புதன்

மழை. விடியறதுக்கு முன்னாடி பிடிச்சது, இன்னும் விடலை. துணி ஒண்ணும் உலரலை. இவரோட பனியன் ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகுல.

இவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குக் கிளம்பினதும் சாப்பாட்டு மேஜை என் வசம். பேப்பர் விரிச்சுப் பரத்தினது:

கேபினெட்.
மதர்போர்டு (இது மட்டும் பழசு. பழவங்காடிப் பிள்ளையார் கோவில் பக்கத்துல பீனாவோட கம்ப்யூட்டர் கடை, அங்கே கை மாறி வந்தது).
ப்ராசசர், ராம், டிஸ்க், பவர் சப்ளை. எல்லாம் புதுசு.
கீபோர்டு, மவுஸ். செட்டு. ஒயர் கிடையாது.
ஸ்குரூ ஒரு பொட்டலம். கோத்து முடிச்சப்பறம் மூணு மிச்சம். அதைப் பத்தி யோசிக்கப் போறதில்லை.

நேத்து ராத்திரி சாப்பிடறச்சே இவர் சொன்னது: "ஆடிக் கர்க்கடகத்துல யாராவது புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாளா கோமு? ஆவணி பொறக்கட்டும். கடைலேர்ந்து முழுசா ஒண்ணு வாங்கித் தரேன். எதுக்கு வெறுதே ஸ்குரூ டிரைவரும் கையுமா."

ஆவணி வரைக்கும் டெஸ்ட் காத்துண்டிருக்குமாக்கும்! திங்கள் பத்து மணிக்கு. மலையாளப் படத்துக்குத் தமிழ்ல சப்டைட்டில் எழுதற வேலை, ஆத்துலேர்ந்தே பண்ணலாம். ஒரே ஒரு தரம்தான் டெஸ்ட். போன்ல எழுதப்படாது. எந்தக் கம்ப்யூட்டர்ல பேர் பதியறோமோ அதுலயேதான் எழுதணும். வேற மெஷின்ல உட்கார்ந்தா உள்ளயே விடாதாம்.

ஏன் நானே கோக்கணும்? டிப்ளமா படிச்சவள் நான். கல்யாணத்துக்கு முன்னாடி எத்தனை பெட்டியைப் பிரிச்சுப் பூட்டியிருக்கேன். இந்த ஆத்துல ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷமா நான் பிரிச்சுப் பூட்டினது மிக்ஸி மட்டும்.

மூணு மணிக்குப் பென் டிரைவ்லேர்ந்து லினக்ஸ் ஏத்தினேன். செட்டிங்ல "முதல்ல பென் டிரைவைப் பாரு, அப்பறம் டிஸ்க்"னு மாத்தி வெச்சேன். நாலரைக்கு முடிஞ்சுடுத்து. பென் டிரைவைப் பிடுங்கியாச்சு. திரும்ப ஆன் பண்ணினேன், வந்தது. பேர் பதிஞ்சேன். "தற்போதைய தொழில்"னு ஒரு கட்டம். காலியா விட்டா மேலே போக விடலை. ஒரு கோடு போட்டேன்.

இவர் வந்து குடையை உதறிண்டே எட்டிப் பார்த்தார். "அட, ஓடறதே!"

அதென்ன "அட"? இருந்தாலும் கேக்க நன்னாத்தான் இருந்தது.

ஜூலை 25, வியாழன்

மழை. பால் பாக்கெட்காரர் வரலை. கட்டங்காப்பி.

காலைல எழுந்து வந்தா, இவர் எனக்கு முன்னாடியே குளிச்சு, கேபினெட்டுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, முல்லைப்பூ ஒரு முழம் சாத்தி, கற்பூரம் காட்டியாச்சு. "பின்பக்கமெல்லாம்கூடத் துடைச்சேன்"ன்னார். இந்த மனுஷர் துடைக்கறதா! உடம்பு சரியில்லையோன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்போ ஆன் பண்ணு. நல்ல நேரம்."

பண்ணினேன். கறுப்புத் திரை. மேலே ரெண்டு வரி வெள்ளை எழுத்து, இங்கிலீஷ்ல. சாராம்சம்: இது கிளம்பற டிஸ்க் இல்லை. கிளம்பற ஃப்ளாப்பியாப் பார்த்து ஒண்ணு போட்டு, ஏதாவது ஒரு கீயைத் தட்டு.

ஃப்ளாப்பி! எந்த யுகத்துல இருக்கு இது!

தட்டினேன். அதே ரெண்டு வரி. மறுபடி. அதே.

இவர் பரண்ல ஏறிட்டார். பத்து நிமிஷம் கழிச்சுத் தலையெல்லாம் ஒட்டடையோட இறங்கினார், கையில நிஜமாவே ஒரு ஃப்ளாப்பி. மேலே என் கையெழுத்து, "கோமதி, ப்ராக்டிகல் 4". "கேக்கறதே பாவம், போட்டுத்தான் பாரேன்."

எங்கே போடறது? துவாரமே கிடையாது. சொன்னா, "பார்த்தியா, துவாரம் இல்லாததை வாங்கிண்டு வந்திருக்கே"ன்னார். பல்லைக் கடிச்சுண்டேன்.

ரமேஷுக்குப் போன். தங்கையோட ஆத்துக்காரர், கழக்கூட்டம் ஐ.டி. பார்க்ல பெரிய கம்பெனி, இருபது வருஷமா கம்ப்யூட்டர்தான். அவர் சொன்னது வரிசையா:
1. ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேளா அக்கா?
2. ஆஃப் பண்ணிட்டு ஆன்?
3. எங்க ஆபீஸ்ல இப்படியானா டிக்கெட்டுனு ஒரு புகார் போடுவோம். ஒருத்தர் வந்து பண்ணிட்டுப் போவார். அவர் என்ன பண்ணுவார்னு தெரியலை.

ஆறு மணி வரைக்கும் அதே ரெண்டு வரி. முல்லைப்பூ வாடிப் போச்சு. எடுத்துப் போடலை, அதுக்கும் ஏதாவது சொல்லுவார்.

ஜூலை 26, வெள்ளி

தூறல். மாவு புளிச்சுடுத்து.

எல்லாத்தையும் கழட்டினேன். ராம் ரெண்டையும் எடுத்து, பல்லை அழிரப்பரால தேய்ச்சுப் போட்டேன். யூடியூப்ல ஒருத்தர் அப்படித்தான் சொன்னார். டிஸ்க்கைக் கழட்டி மாட்டினேன். கேபிள் ஒவ்வொண்ணா. மிச்சமிருந்த மூணு ஸ்குரூவுக்கும் இடம் கண்டுபிடிச்சேன். இப்போ ரெண்டு ஓட்டை மிச்சம்.

திரும்பப் பூட்டி, பின்னாடி பவர், மானிட்டர், அப்பறம் அந்தச் சின்ன ரெண்டையும் சொருகினேன். விரல் நகம் அளவுதான். கீபோர்டுக்கு ஒண்ணு, மவுஸுக்கு ஒண்ணு.

ஃப்ளாப்பி போடு.

இவர் சாயங்காலம் வந்து பக்கத்துல நின்னுண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன். கர்க்கடகம்."

அவ்வளவுதான். வந்துடுத்து எனக்கு. "சொன்னேள், சொன்னேள்! ரேஷன் கார்டுலேர்ந்து பாங்க் ஃபார்ம் வரைக்கும் எல்லாத்துலயும் தொழில்னு கேக்கற இடத்துல கோடு போட்டுக் கை ஓஞ்சு போச்சு. ஒரு தரம், ஒரே தரம், அங்கே ஒரு வார்த்தை எழுதணும்னு ஆசைப்பட்டேன். அதுக்கு ஆடி ஆவணி பார்க்கணுமா?" கத்திட்டேன். அடுத்தாத்து ஜன்னல் சாத்தற சத்தம் கேட்டது.

இவர் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ச்சார். வாணலியில பாதிக் கரி அப்படியே இருந்தது. பரவால்லை.

ஜூலை 27, சனி

மழை கொஞ்சம் விட்டது. கேபினெட்டைப் போர்வையில சுத்தி ஆட்டோவுல பழவங்காடி. கிளம்பறச்சே அந்த நகம் சைஸ் ரெண்டும் வழியில விழுந்துடும்னு பிடுங்கி, குங்குமச் சிமிழ்ல போட்டு பீரோவுல வெச்சேன்.

ஆட்டோக்காரர்: "சேச்சி, டிவியாணோ?" ஆமான்னுட்டேன்.

பீனா கடையில அவள் கீபோர்டை மாட்டி ஸ்விட்ச் போட்டாள். நாலு விநாடி. வந்துடுத்து! சந்தனப் பொட்டோட ஜம்முனு.

"சேச்சீ, இதுக்கு ஒரு கொழப்பமும் இல்லல்லோ."

"இன்னொரு தரம் போடு."

போட்டாள். வந்தது. நாலு தரம். அஞ்சாவது தரம் நான் போட்டேன், அப்பவும் வந்தது. பீனா என்னையே ஒரு மாதிரி பார்த்தாள். ஆத்துல நூத்தி ரெண்டு ஜுரம், டாக்டர் வாசலை மிதிச்சதும் குழந்தை ஓடியாடி விளையாடுமே, அந்த அவமானம்.

"வீட்டிலெ கரண்டு நோக்கணும், கேட்டோ. இல்லெங்கில் கண்ணு பட்டிருக்கும்"னு சிரிச்சாள். வெளியில கோவில்ல தேங்காய் உடைக்கற சத்தம் படபடன்னு. நானும் ஒண்ணு வேண்டிண்டேன்.

ஆத்துக்கு வந்து எல்லாத்தையும் சொருகினேன். மானிட்டர், பவர், சிமிழ்ல இருந்த ரெண்டும்.

ஃப்ளாப்பி போடு.

கீழே உட்கார்ந்துட்டேன். இவர் மிளகாயும் உப்பும் எடுத்துண்டு வந்து கேபினெட்டை மூணு சுத்து சுத்தினார். அப்பறம் என்னையும். மிளகா கமறினது. கண்ணுல ஜலம் அதனாலேன்னே இருக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

வெயில்! துணியெல்லாம் மாடியில.

நாளைக்கு டெஸ்ட்.

இவர் காலைல: "மேஜை தெற்கே பார்த்திருக்கு. அதான்." ரெண்டு பேரும் தள்ளிக் கிழக்கே திருப்பினோம். இப்போ பீரோக் கதவு பாதிதான் திறக்கறது, கம்ப்யூட்டர் கிழக்கே பார்த்துண்டு ஃப்ளாப்பி கேக்கறது.

இவர் மார்க்கெட் போனப்பறம் தனியா உட்கார்ந்தேன். திருஷ்டியாவது மண்ணாவது. டிப்ளமாவுல என்ன சொல்லிக் கொடுத்தா? கடையில ஓடினது, இங்கே ஓடலை. அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கு? எழுது.

கரண்ட். (மிக்ஸி ஓடறது, ஃபிரிட்ஜ் ஓடறது. இல்லை.)
மானிட்டர். (எழுத்து தெரியறதே. இல்லை.)
திசை. (திருப்பியும் ஓடலை. போ.)
இவர். (மார்க்கெட்ல இருக்கார், அப்பவும் ஓடலை.)
கீபோர்டு. அவள் மாட்டினது அவளோடது.

கீபோர்டு டப்பாவைத் தேடி எடுத்தேன். பின்னாடி பொடி எழுத்து: ரெண்டுக்கும் சேர்த்து ரிசீவர் ஒண்ணு.

ஒண்ணு!

அப்போ இன்னொண்ணு யாரு? புதன்கிழமை நான் சொருகினதும் ஒண்ணுதான், இப்பத்தான் ஞாபகம் வரது.

பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவுல புகுந்து, ரெண்டையும் பிடுங்கி வெளிச்சத்துல பார்த்தேன். ஒண்ணு ரிசீவர். இன்னொண்ணு பென் டிரைவ். அந்தப் பொடி சைஸ். ஓரத்துல மஞ்சள் பூசியிருந்தது.

ரிசீவரை மட்டும் சொருகினேன். ஆன். நாலு விநாடி. வந்துடுத்து.

பகவானே! சத்தமாவே சொன்னேன்.

புரிஞ்சுது. "முதல்ல பென் டிரைவைப் பாரு"ன்னு புதன்கிழமை மாத்தி வெச்சது நான். திரும்ப மாத்தலை. எங்கேயோ ஒரு பென் டிரைவ் இருக்கக் கண்டு, கிளப்ப அதுல ஒண்ணும் இல்லாட்டாலும் சொன்ன பேச்சைத் தட்டாம அதையே பார்த்துண்டு நாலு நாளா நின்னிருக்கு. ஆக பாதித் தப்பு என்னது. ராமைத் தேய்ச்ச கையால என் தலையிலயே ஒண்ணு வெச்சுக்கணும்.

மீதிப் பாதி? அதைச் சொருகித் திறந்தேன். ஒரே ஒரு ஃபைல்.

உ
அனுப்புநர்: சங்கரநாராயணன், சீனியர் அசிஸ்டெண்ட்.
பெறுநர்: ஸ்ரீ மகா கணபதி, பழவங்காடி.
பொருள்: மனைவியின் பரீட்சை தொடர்பாக.
ஐயா, என் மனைவி கோமதி, உத்திர நட்சத்திரம், கர்க்கடகத்தில் புதுக் கம்ப்யூட்டர் ஆரம்பித்திருக்கிறாள். சொன்னால் கேட்க மாட்டாள். கெட்டிக்காரி. கம்ப்யூட்டர் முதலில் தங்கள் பெயரைப் படித்து விட்டுத் துவங்கினால் தோஷம் நீங்கும் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை வரை எந்தத் தடங்கலும் வராமல் பார்த்துக் கொள்ளும்படி வேண்டுகிறேன். வேலை கிடைத்தால் தேங்காய் பதினொன்று.
நகல்: கோப்புக்கு.

இவர் ஒத்தை விரல்ல தட்டறவர். இத்தனையும் அடிக்க ஆபீஸ்ல எத்தனை நேரம் உட்கார்ந்தாரோ.

தடங்கல் வராமல்! சிரிச்சேன் சிரிச்சேன், வயிறு வலிச்சுது. "கெட்டிக்காரி"ங்கற வார்த்தைக்கு வந்தப்போ அழுகை. நேர்ல ஒரு தரம் சொல்லியிருக்காரா?

இவர் வந்தார். வாழைக்காய், சேனை. "ஓடறது"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. இவர் கிழக்குப் பக்கம் பார்த்து, "மேஜையைத் திருப்பினதுதான்"ன்னார்.

செட்டிங்ல போய் மாத்தியாச்சு. முதல்ல டிஸ்க், அப்பறம்தான் பென் டிரைவ். நாலு தரம் ஆன் பண்ணிப் பார்த்தாச்சு. லெட்டர் இருந்த பென் டிரைவையும் பழையபடி பின்னாடியே சொருகிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

மறுபடி மழை. கரண்ட் போகாம இருக்கணுமே.

ஏழரையிலேர்ந்து ஒன்பது ராகு காலம், ஸ்விட்ச்சைத் தொடப்படாதுன்னு உத்தரவு. பத்தரைக்கு எமகண்டம். "நடுவுல அரை மணிதான் சுத்தம். அதுக்குள்ள முக்கால்வாசி எழுதிடு"ன்னார். ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கார், வாசல் பெல்லை யாரும் அடிக்காம பார்த்துக்கவாம்.

ஒன்பது அஞ்சுக்கு ஆன். வந்தது. இவர் குனிஞ்சு பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன தேடறேள்?"

"ஒண்ணுமில்லை. ஒட்டடை."

பத்துக்கு ஆரம்பம். முதல் சீன்லயே ஒரு கொல்லத்து மாமியார் மருமகளைத் திட்டறாள். அதைத் தமிழ்ல கொண்டு வர எனக்கா தெரியாது! பதினொண்ணுக்கு முடிஞ்சுது. எமகண்டத்துல எழுதின பாதிதான் நன்னா வந்திருக்கு, சொல்லலை.

மூணு மணிக்கு மெயில். எடுத்துண்டுட்டா. புதன் சாயங்காலத்துக்குள்ள முதல் படம் அனுப்பணும். நாலு தரம் படிச்சேன், அப்பறம் கண்ணாடியைத் துடைச்சுண்டு ஒரு தரம்.

இவர் குதிக்காத குறை. உடனே ரமேஷுக்குப் போன்: "உங்க ஐ.டி. பார்க்கே முடியாதுன்னது. பிள்ளையார் கிளப்பினார் கேட்டேளா!"

அப்பத்தான் பொறுக்கலை. போனை வெச்சதும் சொல்லிட்டேன். "ஏன்னா, நாலு நாளா வழியை மறிச்சுண்டு நின்னதே உங்க பிள்ளையார்தான். லெட்டரையும் படிச்சாச்சு."

முகம் போன போக்கு! காது சிவந்து போச்சு. "அப்போ நான்தானா..." அப்பறம் மெதுவா: "மறிக்கறவரும் அவர்தானே, கோமு. விடறவரும் அவர்தான். பதினொண்ணு போறாது, இருபத்தொண்ணு உடைக்கணும்."

குடையை எடுத்துண்டு கிளம்பிட்டார். வாசல்லேர்ந்து திரும்பி, "கெட்டிக்காரின்னு எழுதினதையும் படிச்சியா?"ன்னார். ஆமான்னேன். "ம்"ன்னுட்டுப் போனார்.

ஆறு மணி. நனைஞ்சுண்டு வந்தாச்சு. இருபதை அங்கே உடைச்சாராம். ஒண்ணை மட்டும் பக்குவமா ரெண்டா உடைச்சு, ஒரு மூடியைக் கையில ஏந்திண்டு வந்திருக்கார், தண்ணி சிந்தாம. முதல் நைவேத்தியம் கம்ப்யூட்டருக்காம். கேபினெட் மேலே வெக்கறார். காத்து போற ஓட்டைக்கு நேரே. தண்ணியோட.

ஏன்னா! ஏன்னா, அங்கே வேண்