பெரியம்மாவின் நைலோன் சேலை

மார்ச் 12, செவ்வாய்

ஞாயிறன்று என் பருத்திப் பள்ளிச் சீருடையை அயன் பண்ணிய அதே சூட்டில் பெரியம்மாவின் நைலோன் சேலையிலும் அயனை வைத்துவிட்டேன். சேலை உருகி அயனில் பிசின்போல ஒட்டிக்கொண்டது; இழுத்ததும் ஓட்டை விழுந்தது. பயத்தில் மடித்து அலுமாரிக்குள் ஒளித்தேன்.

இன்று மத்தியானம் பெரியம்மா ஓட்டையைக் கண்டுவிட்டார். வீட்டுவேலை செய்யும் செல்வி அக்காவைத்தான் கூப்பிட்டார்.

"நான் அயனே போடலீங்கம்மா. வெயில்ல காயப்போட்டு எடுத்து வச்சதோட சரி."

"வெயிலுக்கு நிறம்தான் போகும், ஓட்டை விழாதடி. பருத்தி கருகும், நைலோன் உருகும். உன்ர தோல் என்ன செய்யுமெண்டு பாப்பமோ?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அயனைப் போடு. பருத்திச் சூட்டில வை."

நான் சுவிட்சைப் போட்டேன். உண்மையைச் சொன்னால் அடுத்தது என் கைதான் என்று வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா செல்வி அக்காவின் முழங்கையைப் பிடித்து அயனை வைத்து அழுத்தினார். தோல் உருகவில்லை, கருகவுமில்லை. முதலில் வெளுத்தது, பிறகு கொப்பளித்தது.

சற்றுமுன் பற்பசையை எடுத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனேன். செல்வி அக்கா பாயில் விழித்தபடி கிடந்தாள். பூசவிட்டாள்.

"இனிமே சூட்டைக் குறைச்சிட்டு அயன் பண்ணுங்க பாப்பா," என்றாள்.